பைப்படிச் சம்பல் தோட்டம்

"எங்களுக்கும் ஒரு பாத்தி வேணும், டீச்சர்."

தமயந்தி கேட்டே விட்டாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

தினமும் தலை பின்னும்போது அம்மா சொல்வது ஒன்றுதான். "டவுன் பள்ளிக்கூடம். எதையும் கேட்டு வாங்காத. குடுத்தா வாங்கிக்க." கடுகண்ணாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு அதுதான் புத்திமதி.

ஆறாம் வகுப்புக்குத் தோட்டப் போட்டி. ஒவ்வொரு குழுவும் தன் பாத்திக்கு ஒரு கரு யோசிக்க வேண்டும். ஹாஷிம் குழு ஏழு நிறப் பூக்களோடு வானவில் தோட்டம் என்றது. றிஸானா குழு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என்றது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தமயந்திக்கும் முத்துலிங்கத்துக்கும் குழுவே இல்லை.

"நீங்கள் இரண்டு பேரும் எல்லாப் பாத்திக்கும் தண்ணி ஊத்துங்கோ. உங்களுக்குத்தானே மண்வேலை பழக்கம்" என்றிருந்தார் சத்தியபாமா டீச்சர். புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். தமயந்திக்குக் காது சுட்டது.

இப்போது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடம் இல்லையே பிள்ளை. பைப்படி மூலை மட்டும்தான் கிடக்கு."

பைப்படியில் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டி கழுவுவார்கள். எப்போதும் சேறு.

"அது போதும், டீச்சர்."

"சேத்துல என்ன வளர்ப்பே? தவளையா?" என்றான் ஹாஷிம்.

"சம்பல்."

வகுப்பு சிரித்தது. தமயந்தி சிரிக்கவில்லை. "வல்லாரை, பச்சைக் கொச்சிக்காய், சின்ன வெங்காயம். பறிச்சு அரிஞ்சா சோத்துக்குச் சம்பல்."

"அப்ப தேங்காய்? தென்னையும் நடுவியா?"

"தேங்காய நீ கொண்டு வா."

மறுநாள் ஈரச் சாக்கில் வல்லாரைக் கொடி வந்தது. தொழிலாளர் லய வீடுகளுக்குப் பக்கத்தில், பீலி வழியே ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில், யாரும் நடாமலே வளர்வது. சேற்றில் வைத்த கொடி ஒரே வாரத்தில் ஓடத் தொடங்கியது. ஓரத்தில் கல் அடுக்கி, மண் மேடாக்கி, வெங்காயமும் ஆறு கொச்சி மிளகாய்க் கன்றுகளும் நட்டார்கள்.

கன்றுகள் குச்சி மாதிரி உயர்ந்தன. ஒருநாள் தமயந்தி அவற்றின் நுனியைக் கிள்ளினாள்.

"ஏய், என்னா பண்ற?" முத்துலிங்கம் அலறினான்.

"கவ்வாத்து."

"இது தேயிலை இல்ல."

"தெரியும். அம்மா வெட்டுற தேயிலை பக்கவாட்டுலதான் கிளைக்குது. இதுவும் கிளைக்குதான்னு பாப்போம்."

ஐந்தைக் கிள்ளி, ஒன்றை மட்டும் விட்டாள். தப்பாகிப் போனாலும் ஒன்று மிஞ்சுமே.

ஒரு வாரம் மொட்டைக் குச்சிகள்தான் நின்றன. டீச்சர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பிள்ளை, இது சரிவராட்டில் போட்டியை மதிப்பிடுகிற ஆக்கள் வர முன்னம் கல் போட்டு மூடிவிடுவம். என்ன?"

தமயந்தி தலையாட்டினாள். பஸ்ஸில் போகும்போது அழுகை முட்டியது. முத்துலிங்கம் ஜன்னலோர இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தான்.

பத்தாம் நாள் ஒவ்வொரு கணுவிலும் பச்சையாக ஒரு புள்ளி. பிறகு இலை, பிறகு கிளை. பருவம் முடியும்போது ஐந்து செடிகளும் குடை விரித்தாற்போல் நின்று காய்த்தன. விட்டுவைத்த ஆறாவது ஒல்லியாக நின்று நான்கே காய் காட்டியது.

"பாவம், அதுக்கு யாருமே முடி வெட்டல" என்றான் முத்துலிங்கம்.

போட்டி நாள் வந்தது. வாசலில் நடுவர்களின் வான் வந்து நின்ற சத்தம் கேட்டதும் டீச்சர் வகுப்புக்குள் ஓடி வந்தார். கையில் வாளி.

"தமயந்தி, ஓடிப்போய் வானவில் பாத்திக்குத் தண்ணி ஊத்து பிள்ளை. எல்லாம் வாடிப்போய்க் கிடக்கு. அவை வந்திட்டினம்."

தன் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற மறந்திருந்த ஹாஷிம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தமயந்தி வாளியை வாங்கினாள். நேரே போய் ஹாஷிம் முன்னால் வைத்தாள்.

"வேர்ல ஊத்து. பூ மேல ஊத்தாத. மெதுவா ஊத்தினா நிமிந்துரும்." பிறகு திரும்பினாள். "நான் போகல, டீச்சர். எங்க பாத்தியப் பத்தி நாங்கதான் சொல்லணும்."

டீச்சர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். பிறகு, "ஓம். அதுதான் சரி" என்றார்.

"நில்லு" என்றான் ஹாஷிம். பையிலிருந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான். உருண்டையாக, கனமாக இருந்தது. "நீதானே கொண்டு வரச் சொன்னே."

தேங்காய்.

தமயந்தி அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். முத்துலிங்கத்தைக் கண்ணால் கூப்பிட்டாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், பைப்படியைப் பார்த்து வெளியே நடந்தாள்.