இரண்டு இழுப்பு

சவூதியில், ஜுபைலில் இரண்டு வருஷம் டியூட்டி பார்த்த வைரவனுக்கு அன்றைக்குத்தான் லீவு. தம்மாமிலிருந்து ராத்திரி விமானம். ஊரில் அவன் மகளுக்கு ஒன்றரை வயது. இன்னும் ஒரு தரம்கூட அவளைத் தொட்டுத் தூக்கியதில்லை.

வழியனுப்ப வந்த, லேபர் கேம்ப்பில் ஒரே ரூமில் தங்கிய பாலகுருதான் ஆரம்பித்தான். நேரம் கிடக்கிறதே, கடலோரமாக நடந்து, முத்துக்குளித்தவர்கள் விட்டுப்போன பழைய ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான். டாக்ஸியைச் சாலையில் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

மஞ்சள் வெயில். பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். கூரையில்லாத பவளக்கல் வீடுகள். அழுகிய சிப்பி வாடை மட்டும் கூடவே வந்தது.

தண்ணீரோரம் ஒரு மரக்கட்டையில் கயிறு கட்டிக் கிடந்தது. மறுமுனை கடலுக்குள். முழங்கால் ஆழம்தான், அடிமணல் தெரிந்தது.

வைரவனின் வேலையே கயிறுதான். எண்ணெய் டாங்க்குக்குள் சுத்தம் செய்ய ஆள் இறங்கினால், இவன் வாசலில் கயிற்றைப் பிடித்து உட்காரவேண்டும். இரண்டு இழுப்பு வந்தால் தூக்கவேண்டும். உள்ளே போனவன் வெளியே வரும்வரை, அல்லது ரிலீவர் என்கிற மாற்று ஆள் வந்து கயிற்றை வாங்கும்வரை, நகரக்கூடாது. அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்க் கயிற்றை எடுத்தது.

கயிறு இரண்டு தரம் வெட்டி இழுத்தது.

இவனும் இழுத்தான். ஆள் கனம். குளிர்ந்த ஈரக் கயிறு வந்துகொண்டே இருந்தது. காலடியில் சுருள் சுருளாகக் குவிந்தும் முனை வரவில்லை.

மறுபடி இரண்டு.

சாலையில் டாக்ஸிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஏதாவது வலை மாட்டியிருக்கும், விட்டுத்தொலை என்று பாலகுரு கத்திப் பார்த்தான். வைரவனுக்கும் ஆத்திரம்தான், கண்ணில் நீர் முட்டுகிற ஆத்திரம். விரல்கள் விடவில்லை.

"உள்ள ஆள் இருக்குடா. எப்படி விட்டுட்டு வர்றது?"

"ரெண்டு வருஷமா அடுத்தவன் கயித்தப் பிடிச்சது பத்தலையா? புள்ள மூஞ்சியப் பாக்க வேணாமா?"

வைரவன் இன்னும் ஒரு முழம் இழுத்தான். கடைசியில் பாலகுரு ஒரு பொய் சொன்னான்.

"குடு மாப்ள. நான்தான் ரிலீவர். நீ கிளம்பு."

இவன் நகர்ந்ததும் கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவிடலாம் என்பது அவன் எண்ணம். வைரவனின் விரல்கள் அந்த நிமிஷமே தளர்ந்தன. ஓடிப்போய் டாக்ஸியில் ஏறிக் காத்திருந்தான்.

பாலகுரு வரவில்லை.

தூரத்தில் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தான். போன் போட்டால், நீ போ, நான் வேறு வண்டியில் கேம்ப்புக்குப் போய்க்கொள்கிறேன் என்று மூச்சிரைக்கச் சொல்லி வைத்துவிட்டான். விமானத்துக்கு நேரமாகியிருந்தது. வைரவன் போய்விட்டான்.

மறுநாள் ஊரில், மகள் முதல் தரம் மடியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பாலகுரு. சலித்துப்போன குரல்.

"ஏழு பேரைத் தூக்கியாச்சு. இன்னும் இழுக்குறாங்க. ரிலீவர் எங்கடா?"

வைரவன் பதறிச் சொன்னதைக் கேட்டு கேம்ப் ஆட்கள் அங்கே போனார்கள். பாலகுரு இல்லை. கயிறு இல்லை. மரக்கட்டையும் இல்லை.

ஈரமணலில் வெறுங்கால் தடங்கள் மட்டும். எல்லாம் தண்ணீரிலிருந்து ஏறிச் சாலைப் பக்கம் போயிருந்தன.

ஏழு பேர்.

அவர்கள் எண்ணி முடித்து நிமிர்வதற்குள், பக்கத்து மணலில், யாருமே இல்லாமல், எட்டாவது ஆளின் பாதம் ஒன்று பதிந்தது.