மெஷினுக்குத் தெரியாத விரல்

காலை ஏழு மணிக்கு அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்துவிட்டு நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் விடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள் என்பதால், அவளை யாரும் எதிர்த்துப் பேசியதும் கிடையாது.

கடிதம் தம்பி மனைவி வேலை பார்க்கும் துணி ஆலையிலிருந்து வந்திருந்தது. சென்ற மாதம் பதினோரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை, இந்த மாதமும் அப்படியே நடந்தால் பெயர் நீக்கப்படும் என்று இருந்தது.

"தினமும் தலை வாரி, டப்பாவத் தூக்கிக்கிட்டு ஏழரைக்குக் கிளம்பிப் போறியே... எங்கதாம்மா போற?"

"ஆலைக்குத்தான் அண்ணி போறேன்."

"அப்போ ஆலைக்காரன் பொய் சொல்றானா?"

அவள் டயாலிசிஸுக்குக் கிளம்பத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனிதன், ஒரு வார்த்தை தன் பக்கம் பேசமாட்டானா என்று இருந்தது. அவன் தரையைப் பார்த்தபடி, "அக்கா கேக்கறதுல தப்பில்லையே. சொல்லிடேன்..." என்றான். நாத்தனார் கேட்டது காதோடு போயிற்று, இது நெஞ்சில் தைத்தது.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆலையில் அவளுக்கு 'காலர் அக்கா' என்று பெயர். தைத்து வரும் சட்டைகளின் காலரை விரலால் தடவியே குறை கண்டுபிடித்துவிடுவாள். போன வருடம் அவள் குடலில் புற்றுக்கட்டி வந்து அறுத்தெடுத்தார்கள். கல்லீரலில் ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. அதற்குத்தான் மாத்திரை. இரண்டு வாரம் விழுங்க வேண்டும், ஒரு வாரம் ஓய்வு. மூன்றாவது சுற்றில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடித்தன. விரல் நுனியில் தோல் உரிந்து, வழவழவென்று ஆகி, ரேகையே இல்லாமல் போய்விட்டது.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஆலை வாசலில் விரல் வைக்கும் மெஷின் ஒன்று இருந்ததே, அதற்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குதான். "உள்ள போய் வேலையப் பாரு" என்பார் மேற்பார்வையாளர். அவள் நாள் முழுக்க நின்று சட்டை பார்ப்பாள். மெஷினோ அவள் வரவில்லை என்று எழுதும். அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "நான் பார்க்கறேன்தான், மெஷின் பார்க்கலையே" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். சிரிப்பதற்கென்ன, போவது அவர் வேலை இல்லையே!

ஓய்வு வாரத்தின் கடைசி நாளில் ஒருமுறை பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்குதான் அவளைக் கெடுத்தது. ஓய்வை இன்னும் ஒரு வாரம் நீட்டினாள். பிறகு மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டாள். ரேகை மெல்லத் தலைகாட்டியது, ஆனால் வெடிப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை. பெயர் நீக்கப்பட்டால் ஆலையின் மருத்துவத் திட்டம் போய்விடும். வாரம் மூன்று முறை கணவனின் ரத்தத்தைச் சுத்தம் செய்வது அந்தத் திட்டத்தில்தான் நடந்தது. அவனுக்காக அவள் மாத்திரையை விட்டாள் என்று தெரிந்தால், அன்றைக்கே ஊசிக்குக் கையை நீட்ட மறுத்துவிடுவான். அதனால் கெட்ட பெயரோடு வாயை மூடிக்கொண்டாள்.

அன்று அவளுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். கணவனை டயாலிசிஸ் பிரிவில் விட்டுவிட்டு, நாத்தனார் கைப்பையை அணைத்துக்கொண்டு அவள் கூடவே டாக்டர் அறைக்குள் வந்தாள்.

டாக்டரம்மா புது ஸ்கேன் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "புள்ளி பெருசாயிருக்கும்மா. மாத்திரைக்குக் கட்டுப்படல போலிருக்கு. இதைவிடக் கடுமையான ஊசிக்கு மாத்திடலாம்" என்று பேனாவை எடுத்தார்.

நாத்தனார் பையைத் திறந்து மேஜைமேல் மாத்திரை அட்டைகளைப் போட்டாள். நான்கு அட்டை. ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை.

"வாயில போட்டாத்தானே டாக்டர் கட்டுப்படும்? இவ அலமாரியில நூல்கண்டுக்கு அடியில இருந்தது. வேலைக்கும் போறதில்ல, மருந்தும் சாப்பிடறதில்ல. இவ மனசுல என்ன இருக்குன்னு நீங்களே கேளுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அட்டைகளைப் பார்த்தார், பிறகு அவள் மடியில் ஒளித்து வைத்திருந்த கைகளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்தாள்.

"எதனால நிறுத்தினீங்கம்மா?"

இத்தனை நாளில் அப்படி ஒருவர் கேட்டதே இல்லை. "வலியப் பொறுத்துக்கலாம் டாக்டர்... ரேகை அழிஞ்சு போச்சே. ஆலை மெஷினுக்கு என்னைத் தெரியல. வேலை போச்சுன்னா அவருக்கு டயாலிசிஸ் நின்னுடும். எனக்கு மருந்து நின்னா மெதுவாத்தான் ஏதாவது ஆகும். அவருக்கு நின்னா ஒரு வாரம் தாங்காது." எப்போதோ கணக்குப் போட்டு முடித்துவிட்டவளைப்போல அமைதியாகச் சொன்னாள்.

டாக்டரம்மா அவள் கையை இழுத்து விரல் நுனிகளைப் பார்த்தார். "முதல் நாளே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேனே" என்றார். "கை ஆறுற வரைக்கும் நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன். நீங்க சாப்பிடறீங்கன்னு நம்பி, மருந்து தோத்துப்போச்சுன்னு எழுத இருந்தேன். தோக்காத மருந்தைத் தூக்கிப்போட இருந்தோம்மா."

அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். கைக்கும் காலுக்கும் களிம்பு கொடுத்தார். மூன்று மாதம் பார்ப்போம் என்றார். சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ரேகை அழிந்தது மருந்தினால்தான் என்று சான்றும் எழுதித் தந்தார். அதை நாத்தனார் வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்து கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "உன் உசுர வெட்டி என் உசுருக்கு ஒட்டுப் போடுன்னு நான் கேட்டேனா..." என்று மட்டும் சொன்னான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் அவள் பக்கம் பேசாததற்காக அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அழுதான்.

கூடத்தில் நாத்தனார் தட்டச்சுப் பொறியின் உறையை எடுத்தாள். ஆலைக்கு ஒரே ஒரு பக்க மனுதான் அடித்தாள். மறுநாள் அந்த மனுவோடும் டாக்டர் சான்றோடும் அவளையும் அழைத்துக்கொண்டு ஆலை மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டைக் கட்டிலும் சரிபார்த்தவரின் எண் எழுதிய சீட்டு இருக்கும் என்று வழியிலேயே அவளிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். கோர்ட்டில் முப்பது வருடம் காதில் விழுந்த குறுக்கு விசாரணை வீண்போகவில்லை.

"அந்தப் பதினோரு நாளும் இவ நம்பர் போட்ட சீட்டு உங்க கிட்டயே இருக்கும் சார். வராதவ எப்படிச் சீட்டு எழுதினா?"

சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். பதினோரு நாளும் இருந்தன. மேற்பார்வையாளர் இந்த முறை சிரிக்கவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கை ஆறும்வரை அவள் கையெழுத்துப் போடட்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் களிம்பு டப்பாவோடு அவள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "கையைக் குடு" என்றாள். அவள் கூச்சத்தோடு நீட்டினாள். வெடித்த உள்ளங்கையில் வலிக்காமல், ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே வந்தவள், கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"மெஷினுக்கு உன்னைத் தெரியல, சரி, அது இரும்பு. பதினெட்டு வருஷமா நீ போட்டதைச் சாப்பிட்டவ நான்... எனக்கும்ல தெரியாமப் போச்சு."

"விடுங்க அண்ணி" என்றாள் அவள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

"வாயைத் திற. பார்க்கணும்."

அவள் குழந்தையைப்போல வாயைத் திறந்து காட்டினாள்.