எந்த மொழியில் குளிக்கலாம்?

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கட்டுரை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் துபாயில் இருந்த வாடிக்கையாளர். வினையே அதுதான்.

தென்காசியில் ஒரு மாடியில் நாலு பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்தும் பீர் மைதீன், வாடிக்கையாளரின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். புதிய மென்பொருளின் அறிமுகம் இருக்க வேண்டிய இடத்தில், கணினி மொழிகளைக் குற்றாலத்து அருவிகளோடு ஒப்பிடும் இது இருந்தது:

"ஜாவா, பேரருவி. குளிக்க வருகிறவர் முதலில் துண்டு என்றொரு பொருள் உண்டு என்று அறிவிக்க வேண்டும். துண்டைப் பிடிக்க ஓர் ஆள், அந்த ஆளைக் கூப்பிட ஓர் ஆள், அவரை நியமிக்க இன்னோர் ஆள். எல்லாம் முடிந்து உள்ளே போனால், துண்டு இல்லை என்று ஒரு பக்க நீளத்துக்குப் பிழைச்செய்தி வரும். அதற்குள் சீசன் முடிந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட், ஐந்தருவி. எதில் நின்றாலும் நனையலாம், எதனால் நனைந்தோம் என்பது மட்டும் தெரியாது. சி, செண்பகாதேவி. பிடிக்கக் கம்பி இல்லை, வழுக்கினால் உங்கள் பாடு. எங்கள் துபாய் வாடிக்கையாளர் எதிலும் குளிக்காதவர். கரையில் நின்றுகொண்டு, இன்னும் ஏன் தலை காயவில்லை என்று கேட்பவர்."

நன்றாகத்தான் எழுதியிருந்தான் பாவி. ஆனால் துபாய்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மணிக்குக் கூப்பிடுவார், எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

கட்டுரை ஜும்ஆ தொழுகை நேரத்தில், பைத்தான் மொழியில் நிரல் எழுதும் நஸீபாவின் கணினியிலிருந்து ஏற்றப்பட்டிருந்தது. பீர் மைதீன் அதற்குமேல் யோசிக்கவில்லை. கடையநல்லூரில் ஜவுளி வியாபாரம் செய்யும் அவளுடைய வாப்பாவுக்கே போன் போட்டு, "ஒங்க மகள வேலைய விட்டு நிறுத்துதேன்" என்று சொல்லிவிட்டார். நஸீபாவுக்கு வேலை போவது பெரிதில்லை. இப்படியொரு பெயரோடு வீட்டுக்குப் போனால் வேறெந்த வேலைக்கும் அனுப்ப மாட்டார்கள். அதை நினைத்துத்தான் அழுதாள்.

சோதனைப் பிரிவில் இருக்கும் சந்தனமாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். வெளியே சாரல் விட்டுவிட்டு அடித்தது.

"ஏட்டி, அந்நேரம் எங்க இருந்த?"

"சாப்பாட்டு ரூம்லக்கா. அல்லாஹ் மேல ஆணையா நான் எழுதல."

"கம்ப்யூட்டரப் பூட்டலயா?"

"என்னிக்கு பூட்டிருக்கேன்?"

அடுத்தது அஃப்சல், ஜாவாவில் ஊறியவன்.

"நீ?"

"பள்ளிவாசல்ல. சார் பக்கத்துலதான் தொழுதேன். கேட்டுப் பாருங்க."

இரண்டு மாதத்துக்கு முன் பைத்தான் நிபுணராகச் சேர்ந்த வேல்ராஜ் அமைதியாகப் பதில் சொன்னார். "மொட்டை மாடியில போன் பேசிக்கிட்டு இருந்தேன், மேடம்."

"டீ நேரத்துலயும் அங்கனதான் போறீக."

"வீட்டுப் பிரச்சினை."

பீர் மைதீன் பொறுமையிழந்தார். "எதுக்கும்மா விசாரண? எல்லா மொழியையும் ஏசிருக்கு, பைத்தான மட்டும் தொடல. அது யாரு மொழி? இவ மொழி!"

"நானும் பைத்தான்தான் சார்," என்றார் வேல்ராஜ் பெருந்தன்மையோடு. "ஆனா கம்ப்யூட்டர் அந்தப் பொண்ணுதுல்லா."

சந்தனமாரி சட்டென்று நின்றாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. டீ குடிக்கும்போது அவரவர் தம் மொழியைத்தான் கேலி செய்ய வேண்டும். அடுத்தவர் மொழியைத் தொட்டால் எல்லா டம்ளரையும் அவரே கழுவ வேண்டும். பைத்தானை ஏசி ஏசியே பேர் வாங்கியவள் நஸீபா. கண்ணாடி அறைக்குள் தனியாக டீ குடிக்கும் பீர் மைதீனுக்கு இது தெரியாது.

"சார், அஞ்சு நிமிசம் குடுங்க. ஆளுக்கு ஒரு கேலி சொல்லணும். பைத்தானப் பத்தி."

"வெளையாடுற நேரமா இது?"

"அஃப்சல், சொல்லு."

"டம்ளர் நான் கழுவுதேன்," என்றபடி ஆரம்பித்தான். "பைத்தான ஓட்டப்பந்தயத்துல விட்டா, அழகா நடந்து மறுநாளு வரும்."

நஸீபா மூக்கை உறிஞ்சினாள். "பந்தியில எல ஒரு வெரக்கட தள்ளிக் கெடந்தா சோறு போடாதுக்கா. எந்திரிச்சுப் போன்னு சொல்லிரும்."

அழுகைக்கு நடுவிலும் அது தயாராக வந்தது. பைத்தானில் ஒரு வரி கொஞ்சம் தள்ளி நின்றாலும் நிரல் ஓடாது. அஃப்சல் சிரித்துவிட்டான்.

"வேல்ராஜ் சார்?"

வேல்ராஜ் தொண்டையைச் செருமினார். "பைத்தான்னா... மலைப்பாம்புல்லா. சுத்திக்கிட்டா விடாது."

யாரும் சிரிக்கவில்லை.

"பேர மட்டுந்தான் சொல்லுதீக," என்றாள் சந்தனமாரி. "அது கூட இருந்து பட்டவன் சொல்லுத கேலி இல்ல. சார், விட்டுப்போன மொழி எழுதினவனோட மொழின்னு நாம நெனச்சோம். தலைகீழு. பழகாத மொழிய எவனாலயும் கேலி பண்ண முடியாது. அந்தக் கட்டுரையில ஜாவாவுக்குத்தான் நெறைய வரி, அதுலதான் வலிக்கவும் செய்யுது. அத எழுதினவன் வருசக்கணக்கா ஜாவாவுல கெடந்தவன், பைத்தான் தெரியாதவன். அஃப்சல் ஒங்க பக்கத்துல தொழுதுக்கிட்டு இருந்தான். மொட்டை மாடிக்காரர் ஒருத்தர்தான் பாக்கி."

"அபாண்டம்! நான் பைத்தான் நிபுணன்!"

"அப்படியா? இந்தா கம்ப்யூட்டர். பத்து வரி எழுதுங்க."

வேல்ராஜ் விசைப்பலகையைப் பார்த்தார். அதைத் தள்ளி வைத்தார்.

"திங்கக்கெழம என் வேலைய இந்தப் பொண்ணு சரிபாக்கும்னு சொன்னீக சார்," என்றார் கடைசியில். "பொய் சொல்லிச் சேர்ந்தது தெரிஞ்சிரும். அவ இல்லன்னா தப்பிச்சிரலாம்னு நெனச்சேன். பைத்தானையும் எழுதத்தான் உக்காந்தேன். ஒரு வரி வரல."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பீர் மைதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நஸீபாவின் வாப்பாவை மறுபடி அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, அண்ணன் முறை வைத்துப் பேசினார்.

"காக்கா, ஒங்க மக எழுதல. விசாரிக்காம சொல்லிட்டேன். என் தப்புதான்."

மறுமுனையில் வாப்பா கேட்டார்.

"எங்கிட்ட சொல்லிட்டிய. அவகிட்ட சொன்னியளா?"

பீர் மைதீன் நாற்காலியை விட்டு எழுந்தார். "மன்னிச்சிரும்மா," என்றார்.

நஸீபா பதில் சொல்வதற்குள் துபாய் அழைப்பு மணி அடித்தது. அவள் முகத்தைக் கழுவக்கூடப் போகவில்லை.

"எடுங்க சார். வேல்ராஜ் வேலைய யாரு பாக்கப்போறான்னு கேட்டா, எம்பேரச் சொல்லுங்க."