மூச்சு வெட்டுகிறவள்

ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள்ளிருந்து அவளை வெளியே இழுத்ததும் அங்கிருந்த ஊழியர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் மேடம் உள்ளேருந்து தட்டினீங்க?" என்பதுதான்.

அவள் தட்டவில்லை. தட்டியிருக்கவும் முடியாது. அசையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"நான் தட்டலையே."

"இல்ல மேடம், மிஷின் நின்னப்புறமும் கேட்டுச்சு. டொக் டொக்னு. பயந்துட்டீங்களோன்னு ஓடி வந்தேன்." அவர் சிரித்துக்கொண்டே பட்டையை அவிழ்க்கக் குனிந்தார். பட்டையைப் பார்த்தார். அதற்குள் அடங்கிக் கிடந்த கைகளைப் பார்த்தார். மீதி வேலையைச் சிரிக்காமல் செய்து முடித்தார்.

தலைவலி நிபுணரின் அறையில் சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. போட்டோ எடுத்துக்கொள்ளும்போது உட்காருவதற்கென்றே செய்தது போன்ற ஒரு நாற்காலியில் அவர் இருந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதை வரைந்ததே தான்தான் என்பது போல் ரசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"உங்க தலையில ஒண்ணுமே இல்லம்மா."

"அத நான் கல்யாணமான அன்னிக்கே சொல்லிட்டேன் டாக்டர்," என்றார் கணவர்.

இரண்டு ஆண்களும் மனம் விட்டுச் சிரித்தார்கள். வலது காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், ஏதோ ஒன்று கொத்தியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வருஷமாக இதே கதைதான். தலை அவளுடையது, காரணம் மட்டும் ஊருக்குச் சொந்தம். கண் டாக்டர் கண்ணாடி போட்டுவிட்டார், பிறகு கண்ணாடியை மாற்றினார். பல் டாக்டர், கடைவாய்ப் பற்கள் இரண்டுதான் குற்றவாளிகள் என்று பிடுங்கினார். பற்கள் போயின, வலி இருந்த இடத்திலேயே இருந்தது. நாத்தனாரிடம் கட்டணமில்லாத மருத்துவம் இருந்தது: "ஒரு குழந்தைய பெத்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா அண்ணி?" கணவரின் கண்டுபிடிப்பு போன். போனைக் கையில் தொடாத வாரத்தில் தலையணை. தலையணையை மாற்றிய வாரத்தில் அவள் குணம்.

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு காரணம். எந்தக் காரணமானாலும் சரி. பெயருள்ள வியாதியாக இருந்தால் கூடப் பரவாயில்லை, அதோடு குடித்தனம் நடத்திவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தாள். ஏனென்றால் வலி இப்போது வேலையில் கை வைத்திருந்தது. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேலை ஒன்றுதான் பாக்கி.

ஒலிப்புத்தகம் போடுகிற நிறுவனம் அது. யாராவது புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்வார்கள். அவள் அதைச் சுத்தம் செய்வாள். வாக்கியத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு, உதடு பிரிகிற சத்தம், எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஆபீஸில் அவளுக்குக் 'காது' என்று பெயர். பக்கத்துக் கட்டடத்தில் ஊசி விழுந்தால் எந்தத் துணி தைத்த ஊசி என்று சொல்வாள் என்பார்கள்.

வெட்டிய இடத்தை அப்படியே விடக் கூடாது. முழுப் பாழாக ஒரு ஓட்டை விழும். கேட்கிறவர் காது அதில் தடுக்கி விழும். அதனால் பதிவு நடந்த அறையில் யாரும் பேசாமல், அந்த அறையின் வெறும் அமைதியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வெட்டின இடத்திலெல்லாம் அதை ஒட்டுப்போடுவார்கள். அதைப் பதிவு செய்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிலின் முதல் விதி. அவளுக்கு அது உடம்போடு ஊறியது. பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சு தானாக நிற்கும்.

இப்போதைய புத்தகம், வெற்றி பெறுவது எப்படி என்று ஊர் ஊராகப் போய் முழங்குகிற ஒரு பேச்சாளருடையது. அவரே வாசித்திருந்தார். 'வலி என்பது தோற்றவர்களின் சாக்கு' என்று ஓரிடத்தில் கர்ஜித்துவிட்டு, உடனே ஒரு மிடறு எச்சில் விழுங்கியிருந்தார். அந்தப் புத்தகத்திலேயே உண்மையான இடம் அந்த விழுங்கல்தான். அதை வெட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பதிவு முடிந்து, அமைதியைப் பிடிக்க அரை நிமிஷம் பேசாமல் உட்காருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பேச்சாளரால் அது மட்டும் முடியவில்லை. மூன்று முறை முயன்று, மூன்று முறையும் அமைதியின் மகத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டாராம்.

அதனால் அவள், வீட்டுப் பின்னறையில் தன் மைக்கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்தாள். வெளிச்சம் பட்டால் வலி கூடும் என்று அந்த அறையில்தான் இப்போது அவளுக்கு வேலையும் படுக்கையும்: பகலிலும் இழுத்து மூடிய திரை, எதிரொலி வராமல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பழைய போர்வைகள், அவற்றின் புழுங்கிய பஞ்சு வாசனை, தைலம், சூடேறிய கம்ப்யூட்டர். அந்த அமைதியைப் பேச்சாளரின் புத்தகம் முழுக்க ஒட்டுப்போட்டு அனுப்பினாள்.

ஸ்கேன் எடுத்த மறுநாள் மதியம் மேலாளர் கூப்பிட்டார்.

"காது மேடம், ஐயா கொதிச்சுப்போய் இருக்காரு. அவரு பேச்சுக்கு நடுவுல யாரோ கொத்துறாங்களாம்."

"கொத்துறாங்களா?"

"முட்டைக்குள்ள குஞ்சு கொத்தும்ல, ஓடு உடைக்கறதுக்கு முன்னாடி? அந்த மாதிரி. நானும் கேட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

"அப்படி எதுவும் இல்லையே சார்."

"எங்க காதெல்லாம் ஓட்டைக் காதுங்க. எங்களுக்கே கேக்குது. நாளைக்குள்ள சுத்தமாக் குடுத்துடுங்க. இல்லன்னா வேற ஆளப் போடச் சொல்றாரு. தலைவலின்னு ஆரம்பிச்சுடாதீங்க, அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம்."

அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள். பேச்சாளர் முழங்கினார், நிறுத்தினார். அந்த இடைவெளியில் அவள் பின்னறையின் அமைதி, எப்போதும் போல, தண்ணீர் நிற்பது போல நின்றது. ஒரு சத்தமும் இல்லை. ஒலியைக் கூட்டினாள். இல்லை. பிறகுதான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள்.

ஒலி அங்கே கோடாக ஓடும். அமைதி என்றால் கோடு நேராக இருக்க வேண்டும். நேராக இல்லை. சின்னச் சின்ன முள், இரண்டு, மூன்று, ஓர் இடைவெளி விட்டு மறுபடி மூன்று. கண்ணுக்குத் தெரிகிற சத்தம் காதுக்குக் கேட்கவில்லை. பதிவு ஓடுகிற இடத்தைக் காட்டும் குறி நகர்ந்து போய் முதல் முள்ளைத் தொட்டது.

காதுக்குப் பின்னால் கொத்தியது.

அடுத்த முள். கொத்தியது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டு பதிவை நிறுத்தினாள். வலி நிற்கவில்லை; அது பதிவைக் கேட்டு நடக்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டியை அணைத்தாள். மின்விசிறி, கடிகாரம், மேல்மாடித் தண்ணீர் மோட்டார், குறட்டை விடுகிற பழைய ஸ்டெபிலைசர் என்று வீட்டில் முனகத் தெரிந்த எல்லாவற்றின் வாயையும் அடைத்துவிட்டு மறுபடி பதிவு செய்தாள். முள். குளியலறைக்கு மைக்கைத் தூக்கிப் போனாள், ஈரச் சுவர்களுக்கும் சொட்டாத குழாய்க்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள். மாடிப்படிக்கு அடியில், செருப்புகளின் தோல் வாசனைக்கு நடுவில். முள். கடைசியாக மைக்கைப் பின்னறையில் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை நடந்து போய் வந்தாள்.

திரும்பி வந்து பார்த்தபோது கோடு, அவள் வெளியே இருந்த நேரம் முழுக்க, இழுத்துக் கட்டிய கயிறு போல நேராகக் கிடந்தது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் கதவைத் திறந்து உள்ளே வருகிற இடத்தில் முட்கள் தொடங்கின.

மைக்கைக் கையில் எடுத்தாள். வலது காதுக்குப் பின்னால், முடியை விலக்கி, தோலோடு வைத்து அழுத்தினாள்.

திரை முழுக்க முள்.

கணவர் அன்று சீக்கிரமே ஆபீஸிலிருந்து வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டு, ஹெட்ஃபோனை நீட்டி, "இதக் கொஞ்சம் கேளுங்க," என்றாள். அவர் மாட்டிக்கொண்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்தது பயம். பயந்திருந்தால் தேவலை. பழகிப்போன சலிப்புதான் அந்த முகத்தில் இருந்தது.

"இதுக்கா கூப்பிட்ட?"

"உங்களுக்குக் கேக்குதா?"

"ஹெட்ஃபோன் இல்லாமலே கேக்குமே."

"எப்பலேருந்து?"

"நான் ஏன் முன்ரூம்ல போய்ப் படுக்கிறேன்னு நெனச்ச?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நீ அழுவ. நான் காலைல ஆபீஸ் போகணும்ல?" ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தார். அவருக்கு எப்போதும் ஒழுங்கு முக்கியம். "முன்னெல்லாம் மெதுவா இருக்கும். இந்த வாரம் வேகமாயிருக்கு. இங்கயே கொஞ்ச நேரம் இரு. போனதும் சொல்லு."

"என்ன போனதும்?"

அவர் வெளியே போனார். கதவு சாத்தியது. இழுத்துப் பார்த்தாள்; வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளே கிடையாதே என்று அவள் யோசித்தாள். புதிதாகப் போட்டிருக்கிறார். எண்ணெய் கூடப் போட்டிருக்கிறார். கிறீச்சென்று ஒரு சத்தம் வரவில்லை.

கதவைத் தட்டினாள். அவள் கை தட்டத் தட்ட, காதுக்குப் பின்னாலும் தட்டியது. அவள் நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது.

ஒருமுறை தட்டினாள்.

ஒருமுறை.

அதற்குப் பிறகு அது அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் பகல் வெளிச்சம் பழுப்பாகக் கசிந்தது, தெருவில் யாரோ யாரையோ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள், போர்வைகள் அந்தக் கத்தலை உறிஞ்சிக்கொண்டன. மேசையில் பதிவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முட்கள் நெருங்கின. நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டின. தரையில் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். கொத்தல். கொத்தல். பல்லைக் கடித்தாள். கடைவாயில் பல் இல்லை.

ஒரு விரிசல்.

அதை மட்டும் அவள் காது கேட்டது.

பிறகு, வலி இல்லை.

மூன்று வருஷத்தில் முதல் முறை. எழுந்து நின்றாள். உடம்பு இறகாக இருந்தது. வெளிச்சம் குத்தவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையைக் காதுக்குப் பின்னால் கொண்டு போனாள், நன்றி சொல்வது போல.

விரல் உள்ளே போனது.

ரத்தம் இல்லை. ஈரம் கூட இல்லை. காய்ந்த, மெல்லிய, கூரான ஓரம். இன்னொரு விரல். அதுவும் போனது. உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை.

நிபுணர் சொன்னது சரிதான். தலையில் ஒன்றுமே இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. பழக்கதோஷம், மூச்சு நின்றது. திரையில் கோடு நேராக ஓடியது.

கதவுக்கு வெளியிலிருந்து கணவர் கேட்டார். "போயிடுச்சா?"

கோடு துள்ளி அடங்கியது.

"போயிடுச்சுங்க," என்றது அவள் குரல்.

அவள் வாய் திறக்கவில்லை. குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, மிக அருகிலிருந்து. அவளுடைய குரலேதான், ஆனால் அவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் பேசியதில்லை. தொழில் தெரிந்த காது அதற்குள் கவனித்துவிட்டது: வார்த்தைக்கு முன்னால் மூச்சு இல்லை. உதடு பிரிகிற சத்தம் இல்லை. சுத்தமாக வெட்டியிருந்தது.

"வலி?"

"கொஞ்சம் கூட இல்ல."

தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது. அவள் கத்தினாள். நெஞ்சில் இருந்ததையெல்லாம் திரட்டி, கழுத்து நரம்பு புடைக்க, வாய் கிழியக் கத்தினாள்.

திரையில் கோடு அசையவில்லை.

கதவு திறந்தது. கணவர் நின்றார். அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போய் நின்றது. மூன்று வருஷமாக அவள் பார்க்காத சிரிப்பு ஒன்று அந்த முகத்தில் மலர்ந்தது.

"அப்பாடா. வா, சாப்பிடலாம்."

கோடு எழுந்தது.

"வந்துட்டேங்க."

கோடு எழுந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதில் அவள் கத்திக்கொண்டிருந்தாள். கோடு அங்கே நேராக இருந்தது.