கைமடி

எண்பத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். இந்துமதி கொடுக்க வேண்டிய தொகை அது. அடுப்படிச் சுவருக்குள் இருக்கும் கணக்குக்குரல் தினமும் காலையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும். பால் பாக்கியை ஞாபகப்படுத்துவதுபோல இதமாகத்தான் சொல்லும். சட்டையின் விலை நாற்பத்தோராயிரத்து அறுநூறு, அபராதம் அதே அளவு. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு "வணக்கம்" என்று ஒரு வார்த்தை. பிறகு தண்ணீர்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, நேற்றுப் போட்ட துணியைக் குப்பைக் குழலில் தள்ளினாள். புதுசு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான். திருப்பூரில் இப்போது பனியன் கம்பெனி என்றால் ஆள் இல்லாத கொட்டகை. உள்ளே நூல் போகும், வெளியே துணி வரும், வாசலில் நாய்கூடப் படுக்காது. துணி தண்ணீரைவிட மலிவு. துவைத்துப் போடுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

ஆனால் துணி மலிந்த காலத்தில் வேறொன்று அருகிப் போயிருந்தது. ஒரு மனுசன் மேல் இன்னொரு மனுசன் கை படுவது. வேலை தனியாக, சாப்பாடு தனியாக, வைத்தியம்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து. அதனால்தான் தொடுதுணி வந்தது. கையால் தைக்கும்போது தையலுக்குள் நினைவிழை என்று ஒரு நூலை ஓட்டுவார்கள். மெமரி திரெட் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். தைத்தவன் கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்பதை அந்த இழை பிடித்து வைத்துக்கொள்ளும். போட்டுக்கொள்கிறவன் உடம்புச் சூட்டில் அது மெல்ல அவிழும். தோளில், விலாவில், யாரோ கை வைத்து எடுப்பதுபோல இருக்கும். தனிக்கட்டைகள் சொத்தை விற்றாவது ஒன்று வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விற்கிற இடம் கைச்சந்தை என்கிற ஆப். அதற்கு ஒரே விதி: ஒரு துணிக்கு ஒரு கை. தைப்பவன் தன் கையைப் பதிந்து வைக்க வேண்டும். அவன் செத்துவிட்டால் பெயரை மூடிவிடுவார்கள். மூடின பெயருக்கு விலை மூன்று மடங்கு. இந்துமதியின் வீட்டுக்காரர் கோகுலநாதன் போன வருசம் ஆடியில் மூச்சுத் திணறிப் போனார். அன்றிலிருந்து 'கோகுலன் கை' மூடின பெயர். தகரப் பெட்டியில் அவர் விட்டுப்போன சட்டைகளை ஒவ்வொன்றாக விற்று அவள் காலம் தள்ளினாள். தமிழ்நாடு முழுக்க இருநூற்றுச் சொச்சம் பேர் தோளில் அவர் கை இருந்தது. இவள் தோளில் மட்டும் இல்லை. சமைத்தவளுக்குப் பசிக்காது என்பதுபோல, அவள் ஒரு நாளும் தொடுதுணி போட்டதில்லை. அவர் இருந்தவரை தேவைப்படவில்லை. போன பிறகு பயம்.

பெட்டியின் அடியில் கடைசியாகக் கிடந்தது ஒரு இங்க் நீல அரைக்கைச் சட்டை. அதைத் தூத்துக்குடியிலிருந்து டெல்வின் என்பவர் வாங்கினார். ஏற்கெனவே கோகுலன் சட்டை இரண்டு வைத்திருப்பவர். வாங்கிய வாரமே 'போலி' என்று புகார் கொடுத்தார். ஸ்கேனர் படிக்கப் படிக்க இழை தேயும் என்பதால் விற்கும்போது அதில் வைக்க மாட்டார்கள். புகார் வந்தால்தான் வைப்பார்கள். வைத்தார்கள். பதிவில் இருக்கும் கையோடு பொருந்தவில்லை என்று வந்தது.

போலி என்று முடிவானால் பணத்தையும் அபராதத்தையும் கட்ட வேண்டும். சட்டை திரும்பி வரும், விற்றவளே அதைக் கொண்டுபோய், துணியைப் பஞ்சாக்கும் அரைவையில் போட வேண்டும். பெயர் தப்பிக்கும். ஆனால் கைப்பதிவே தப்பு என்று தெரியவந்தால் அந்தப் பெயரில் விற்ற அத்தனையும் போலி. அத்தனையும் அரைவைக்கு.

கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் யூசுப்புக்கு இதெல்லாம் அத்துப்படி. காசு கொடுக்காமல் சட்டையை அமுக்கப் பார்க்கும் ஆட்கள் நிறைய உண்டு என்றார். முதலில் பில்லையும் பொட்டலம் கட்டின வீடியோவையும் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு, "வாங்கினவங்ககிட்ட வக்கீலாட்டம் பேசாதீங்கக்கா. டாக்டராட்டம் பேசுங்க. எங்க வலிக்குதுன்னு மட்டும் கேளுங்க. பொய் சொல்றவனுக்கு வலிக்கற இடம் தெரியாது" என்றார்.

இந்துமதி டெல்வினைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு நரைத்த மீசை தெரிந்தது. பின்னால் துறைமுகம், மனிதன் ஏறாத கிரேன்கள் தாமாகப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காவலாம் அவர். என்ன காவல் என்று அவருக்கே தெரியாது என்றார். திருடவும் ஆள் இல்லாத இடம்.

அவள் மரியாதையாகவே கேட்டாள். சட்டையில் எங்கே குறை, தையல் விட்டிருக்கிறதா, அளவு சேரவில்லையா.

"தையல் சுத்தமா இருக்கும்மா. நான் பொய் சொல்லித் துட்டு வாங்குத ஆளு இல்ல. ஆனா இது அவரு கை இல்ல."

"அதெப்படிங்க சொல்றீங்க? ஸ்கேனர் பாக்கறதுக்கு முன்னாலயே நீங்க புகார் குடுத்துட்டீங்க."

"அந்த ரெண்டு சட்டையையும் நாலு வருசமா மாத்தி மாத்திப் போடுதேன். இந்தக் கைய எனக்குத் தெரியாமப் போவுமா?"

எங்கே வித்தியாசப்படுகிறது என்று கேட்டாள். அவர் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்தச் சட்டையள்ல ஒரு கை இப்படி முன்னால தள்ளும். தள்ளுனத இன்னொண்ணு அந்தப் பக்கமா மெல்ல இழுத்துக்கிடும். நாம கைய நீட்டுனா யாரோ பிடிச்சுக்கிடுத மாதிரி. இதுல தள்ளுது. நிக்குது. திரும்பத் தள்ளுது. அந்தப் பக்கம் ஆள் இல்ல. ரெண்டு நாள் போட்டுப் பாத்தேன். வாசலையே பாத்துக்கிட்டு இருக்கவன் வீட்டுக்குள்ள போயி உக்காந்த மாதிரி இருக்கு. முடியலம்மா."

இந்துமதி பிறகு கூப்பிடுவதாகச் சொல்லித் திரையை அணைத்தாள். அவள் கை தானாக மடிக்கு வந்து எதையோ பிடித்து இழுத்தது. அங்கே தைக்கிற துணி ஏதும் இல்லை.

கைப்பதிவு நடந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கைச்சந்தையிலிருந்து கோட்டுப் போட்ட பையன் ஒருவன் வந்து தையல் மெஷினைச் சுற்றிக் கம்பிகளை மாட்டினான். எப்போதும் தைப்பதுபோலவே தையுங்கள் என்றான். எப்போதும் என்றால், ஊசிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இவள். இவள் அவருக்குக் கைமடி. தைக்கத் துண்டு எடுத்துக் கொடுப்பதும், ஊசியை விட்டு வருகிற துணியைச் சுருக்கம் விழாமல் பிடித்து இழுப்பதும் கைமடி வேலை. ஆள் வைத்து ஓட்டின கம்பெனிக் காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் இவள் போய்த் தன் முக்காலியில் உட்கார்ந்தாள். பையன் யார் என்று கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. தைப்பது டெய்லர்தானே, கைமடியின் கையை யார் ஒரு கையாக எண்ணுவார்கள்? சட்டத்தை மீறுகிறோம் என்று அவர்கள் இருவருக்கும் கடைசிவரை தோன்றவில்லை.

ஆக, கோகுலன் கை என்று ஊர் போட்டுக்கொண்டிருந்தது பாதி அவர் கை, பாதி இவள் கை.

அப்படியானால் நீலச் சட்டை எப்போது தைத்தது? அதற்கும் அவளுக்கு விடை தெரிந்தது.

பேர் எடுத்த புதிதில் சென்னையிலிருந்து இருவர் பேட்டி எடுக்க வந்தார்கள். கூட உட்கார்ந்திருக்கிற அம்மா யார் என்று கேட்டார்கள். "அவ கைமடிதானுங்க. அவ இல்லாட்டியும் நான் தைப்பேன்" என்றார் கோகுலன், சிரித்துக்கொண்டே. பெருமைக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் வார்த்தை வார்த்தைதானே. மறுநாள் காலை இந்துமதி காங்கேயத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தையுங்கள், நான் இல்லாமல் தையுங்கள், பார்ப்போம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனாள். ஏழு மாதம் வரவில்லை.

திரும்பி வந்தபோது மெஷின் மேல் பழைய வேட்டி மூடியிருந்தது. ஒன்றும் தைக்கவில்லையா என்று கேட்டாள். மெஷின் ரிப்பேர் என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அவர் மெஷின் மிதியில் கால் வைத்தார், இவள் முக்காலியை இழுத்துப் போட்டாள், மெஷின் வெண்ணெயாக ஓடியது. ரிப்பேர் ஆன மெஷின் இப்படி ஓடுமா என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றே ஒன்று. யாருக்கும் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

அவள் டெல்வினை மறுபடி கூப்பிட்டாள். இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது. சொல்லக் கூடாத ஆள் உலகத்தில் ஒருவர் உண்டு என்றால் அவர்தான். அவர் ஒரு வரி எழுதிப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். தெரிந்துதான் சொன்னாள். பதிவு நாளைச் சொன்னாள், காங்கேயத்தைச் சொன்னாள்.

"நீங்க போலின்னீங்களே, அது ஒண்ணுதானுங்க அவரே தனியாத் தெச்சது. நெசமான கோகுலன் கை அதுதான்."

டெல்வின் துறைமுகப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் ஒரு கிரேன் பெட்டியை இறக்கிவிட்டு அடுத்ததற்குத் திரும்பியது.

"அப்போ அந்த இழுக்குத கை?"

"என்னுதுங்க."

"நீங்க உசுரோடல்லா இருக்கிய."

"இருக்கறனுங்க."

"நாலு வருசமா ஒரு டெய்லரு கைன்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். அதுவும் போன ஆடியிலருந்து செத்தவரு கைன்னுட்டு, ராத்திரி கழட்டி வைக்கயில கும்பிட்டு வைக்கேன்."

கும்பிட வேண்டாமுங்க என்றாள். அவர் லேசாகச் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஸ்கேனரில் ஏறிய பிறகு அது முடியாது என்று அவள் சொன்னாள். வெளியே சொல்லிவிடுவாரோ என்று அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நான் ஏன் சொல்லப்போறேன்? சொன்னா என் ரெண்டையும்லா அரைச்சிருவானுவ. அப்புறம் எனக்கு ஆரு இருக்கா?" என்றார். அபராதத்தில் பாதியைத் தான் தருவதாகவும் சொன்னார். பாக்கி பாக்கிதான், அது தன்னுடையது என்று இந்துமதி மறுத்துவிட்டாள். சட்டையை மட்டும் மடிப்புக் கலையாமல் அனுப்பச் சொன்னாள்.

கடைசி நாள் சட்டை வந்து சேர்ந்தது. ஒப்புக்கொள்கிறவர்கள் வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி. அடுப்படியில் நின்று கணக்குக்குரலுக்குப் பின்னால் வரிவரியாகச் சொன்னாள். இந்தச் சட்டை போலி. இதைத் தைத்தது கோகுலன் கை அல்ல. இரண்டாவது வரியைப் பாதியில் விழுங்கிவிட்டாள். தெளிவாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்றது குரல். மீண்டும் சொன்னாள். பெயரைக் காப்பாற்ற அந்தப் பெயருக்குரியவரை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நல்லது என்றது குரல். பாங்கிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டது. சட்டை அரைவைக்குப் போகும்வரை கணக்கு முடியாது என்றும் சொன்னது.

அரைவை நொய்யல் கரையில் இருந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி. சட்டையைப் பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் போட்டிருந்த துணிக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். தொளதொளவென்று இருந்தது. யூசுப் பார்த்துவிட்டு இஸ்திரியைத் தொடர்ந்தார்.

பஸ்ஸில் ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை, இரண்டு சீட்டுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. பழைய மில் சுவரைத் தாண்டும்போது துணி சூடேறியது. தோளில் வந்தது கை.

அவளுக்குத் தெரிந்த கை. கட்டை விரல் ஊன்றி, மற்ற விரல்களை விரித்து, துணியை முன்னால் தள்ளுகிற கை. தள்ளியது. நின்றது. இந்த நேரம் அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வர வேண்டும், அதற்குத்தான் நின்றது. வரவில்லை. கொஞ்சம் தடுமாறியது, அழுத்தம் கூடியது, மறுபடி தள்ளியது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் அப்படி நின்று பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறார். முக்காலி காலியாக இருக்கிறது என்று தெரிந்தும், ஒரு சட்டை முழுக்க, தையலுக்குத் தையல் அவளிடம் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் இல்லாமலும் தைப்பேன் என்ற மனுசன்.

இந்துமதி வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளில் வைத்தாள். அடுத்த தடவை தள்ளி நின்றபோது துணியை இரண்டு விரலால் பிடித்துச் சுருக்கம் விழாமல் மெல்ல இழுத்தாள். இழைக்கு அது தெரியாது. அது பழையதைச் சொல்லுமே தவிரப் புதிதாக ஒன்றையும் ஏற்காது. தெரிந்தும் இழுத்தாள். அரைவை வரும்வரை அவர் தள்ளத் தள்ள இழுத்துக்கொண்டே போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அரைவையிலும் ஆள் இல்லை. வரிசையும் இல்லை. ஒரு வாயும் ஒரு தராசும் மட்டும். சட்டையைக் கழற்றினாள். பட்டனைப் போட்டு, கையை உள்ளே மடக்கி, பெட்டியில் வைப்பதற்கு மடிப்பதுபோல மடித்துத் தராசில் வைத்தாள். எடை சரி என்றது. வாய் திறந்தது. உள்ளே போன துணி கொஞ்ச நேரம் சத்தம் போட்டது. பிறகு நீலப் பஞ்சாகக் கண்ணாடிக்குப் பின்னால் இறங்கியது.

மறுநாள் காலை அவள் அடுப்படிக்குப் போனபோது குழாயில் தண்ணீர் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது.

"நிலுவை ஏதுமில்லை" என்றது சுவர்.