மைக் அணைந்திருந்த காட்சி

"வாய் என்னுது, குரல் உங்களுது. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் அக்கா நாம ஒரு பொம்பளை!"

"வாயை வாடகைக்கு விட்டுட்டு உனக்குச் சிரிப்பு வேறயா?"

கடல் கடந்து வந்து பெரிய நடிகையான பிறகும் அவள் உச்சரிப்பைச் சினிமாவோ சீரியலோ சேர்த்துக்கொள்ளவில்லை. தனக்கு டப்பிங் பேசும் அக்காவிடம் எதையோ கேட்க வாயெடுப்பாள். "ஒண்ணுமில்லக்கா" என்று போய்விடுவாள். அக்காவின் பிழைப்பில் மண் விழுமே என்ற தயக்கம்.

இப்போது அவள் இல்லை. கழுத்தை நெரிக்கும் காட்சியில், உடன் நடித்த அவளுடைய நிஜக் கணவனின் கை 'தவறி' இறுகிவிட்டதாம்.

அந்தக் காட்சிக்குக் குரல் கொடுக்கத்தான் அக்கா பழைய டப்பிங் தியேட்டருக்கு வந்திருந்தாள். ஈரக் கம்பள வாடை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒலிப்பதிவாளர். அவர் பக்கத்தில் அந்தக் கணவன்.

விளக்கு அணைந்தது. திரையில் அவன் விரல்கள் அவள் கழுத்தில் புதைந்தன.

"என்னைக் கொல்லுங்க, குழந்தையை விட்டுடுங்க..." அக்கா வசனத்தைப் பேசினாள்.

"உதட்டசைவோட ஒட்டலைக்கா. இன்னொரு தடவை," என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுபடியும் ஒட்டவில்லை. அக்கா வசனத்தை விட்டுவிட்டு உதடுகளை மட்டும் பார்த்தாள். வருடக்கணக்காக அவள் படித்த உதடுகள். அவை சொன்னது:

'நடிப்பில்ல. நிஜமாவே கொல்றான்.'

அக்கா ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பினாள். "இங்க... அவ சொந்தக் குரல் பதிவாகலையா?"

"எப்படியும் நீங்கதானே பேசப்போறீங்க? ஷூட்டிங்ல மைக்கை அணைச்சுட்டாங்க. வசனம் மாறினப்பக்கூட, வழக்கம்போல உளர்றாங்கன்னு விட்டுட்டாங்க."

"கதை எதுக்கு? பேசிட்டுக் கிளம்புங்க," என்றான் கணவன்.

படம் மீண்டும் ஓடியது.

இம்முறை அவள் அவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

அக்காவின் தோளருகே முகப்பூச்சும் வியர்வையும் கலந்த வாசனை.

பிறகு, திரையில் அவள் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி சாய்ந்தது. கணவனின் கால்கள் தரையைத் தொடாமல் உதறின. அவன் கழுத்தில் விரல்கள் அழுந்திய பள்ளங்கள். அழுத்தும் கைகள்தான் தெரியவில்லை. அவன் தலை கண்ணாடியில் மோதியது. மீண்டும். மீண்டும். விரிசல்களில் ரத்தம் கிளை பிரிந்து வழிந்தது. ஒலிப்பதிவாளர் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்.

கடைசியாக எலும்பு முறியும் சத்தம்.

அக்கா கத்தினாள். குரல் வரவில்லை. தொண்டையை யாரோ மெல்ல, மரியாதையாக, மூடியிருந்தார்கள்.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹெட்போனில், எழுத்துக்கு எழுத்து தடுக்கி விழும் அந்த உச்சரிப்பு:

"அக்கா... இந்த ஒரு தடவை... நானே பேசட்டுமா?"