இரண்டு கைதட்டு

"ஆ...!"

ஹெட்போனுக்குள் ஓர் அலறல். பின்னால் கடல். அதற்கும் பின்னால்... நிதானமாக இரண்டு கைதட்டு! இரண்டாவதில் மட்டும் மோதிரத்தில் மோதிரம் முட்டும் ஒரு சின்ன 'டிக்'.

சவுண்ட்மேன் பலீல் ஹெட்போனைக் கழற்றினார். மூன்று வருடமாகக் கேட்டும் அந்தச் சத்தம் பழகித் தொலையவில்லை.

அலறியவர் பெரிய இயக்குநர் நாகமணி. வெள்ளவத்தையில், தன் ஏழாம் மாடி பிளாட்டின் பல்கனியிலிருந்து விழுந்து செத்தார். கால் தவறியது என்று எழுதிவிட்டது பொலிஸ். அன்று கடல் சத்தம் பதிய அங்கே ரெக்கோடரை ஓடவிட்டு, பலீல் பின்னேர அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் கீழே கூட்டம்! முதலில் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயந்து ரெக்கோடரை ஒளித்துவிட்டார். கோழைத்தனம்தான். அவருக்கே தெரியும்.

நாகமணி ஒருநாளும் 'கட்' சொன்னதில்லை. இரண்டு முறை கைதட்டுவார், படப்பிடிப்பு நிற்கும்.

ஆக, தள்ளிவிட்டுத் தட்டியது அவரிடம் தொழில் படித்த ஒருவர்!

அதனால்தான், நாகமணியின் உதவியாளராக இருந்த சிவானி, அவரால் உருவான இயக்குநர்களைப் பேசவைத்து ஆவணப்படம் எடுக்கிறேன் என்றதும் பலீல் ஓடிவந்தார். ஒவ்வொரு பேட்டி முடிவிலும் பலீல் கேட்டது ஒரே வார்த்தை.

"சவுண்ட் சின்க்குக்கு, படமும் சத்தமும் பொருந்த, ஒரு கைதட்டு தாங்க."

கொட்டாஞ்சேனையில் டோரின் அழுதழுது தட்டினாள். இரண்டு! கிருலப்பனையில் கிஷாந்த். இரண்டு! ஜவாத்... அவனும் இரண்டு! நாகமணி சேர் பழக்கினது என்று எல்லோருக்கும் பெருமை. ஒருவரிடமும் 'டிக்' இல்லை.

இன்று கடைசி நாள். அதே பல்கனி. கமராக்காரர் சாமான்களோடு கீழே போய்விட்டார். பலீல் கம்பியில் சாய்ந்து, ஹெட்போனும் மைக்குமாகக் கடல் சத்தம் பதிந்துகொண்டிருந்தார். இனி யாரிடம் தேடுவது? மனது விட்டுப்போயிற்று.

பின்னால் இரண்டு கைதட்டு.

டிக்!

திரும்பினார். சிவானி.

"என்ன நானா, முகம் வெளிறிப் போச்சு?" அண்ணனைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஒண்டுமில்ல மகள்..."

"நான் மறந்துபோய்த் தட்டேல்ல. கிளாப் போர்ட் எங்களிட்ட இருக்கேக்க நீங்கள் ஏன் எல்லாரிட்டையும் கைதட்டு கேக்கிறீங்கள் எண்டு யோசிச்சனான். இண்டைக்குத் தட்டிப் பாத்தன். உங்கட முகம் சொல்லிப்போட்டுது."

பலீல் ஹெட்போனைக் கழற்றினார். "ஏன் மகள் அப்பிடிச் செஞ்சீங்க?"

"அவற்ற கடைசிப் படம் என்ர கதை. என்ர பேரை வெட்டிப்போட்டு, 'நீ எழுதினாலும் அது என்ர பாதிப்புத்தானே' எண்டு சிரிச்சார்." அவள் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை. "அண்டைக்கு உங்கட ரெக்கோடர் இஞ்ச ஓடியிருக்கு, என்ன? அந்த ரெக்கோடிங்கை ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

ஆம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். மூன்று வருடம் வாயே திறக்காத மனிதர், இப்போது பார்த்து உண்மை பேசினார்.

இல்லை என்று தலையாட்டினார்.

சிவானி அவருடைய தோளிலிருந்து ரெக்கோடரைப் பக்குவமாகக் கழற்றினாள். மற்றக் கையை அவர் நெஞ்சில் வைத்தாள். கம்பி அவருடைய இடுப்புக்கும் கீழே இருந்தது.

"பயப்பிடாதேங்கோ நானா. இந்தமுறை ரெக்கோடிங்கை நான் பாத்துக்கொள்ளுறன்... நீங்கள் சத்தத்தை மட்டும் குடுங்கோ!"